இருமல் நின்ற நேரம்

இருமுங்கள், பரவாயில்லை. அடக்க வேண்டாம். அடக்கினால் கண்தான் கலங்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் இல்லை. திருநெல்வேலியில் பேருந்து ஏறியதிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். பொன்னாக்குடி தாண்டுவதற்குள் பதினான்கு தடவை இருமிவிட்டீர்கள். வறட்டு இருமல். எண்ணிக்கொண்டா வந்தேன் என்று பார்க்காதீர்கள். முப்பத்தோரு வருடம் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் கற்றுக்கொடுத்தவள். இதழை எண்ணுவேன், நரம்பை எண்ணுவேன், எதிரே இருப்பவர் இருமினால் அதையும் எண்ணுவேன்.

இந்தாருங்கள், இதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கடிக்க வேண்டாம். அதிமதுரக் குச்சி. நாக்கு இனிக்கிற நேரத்தில் கொஞ்சம் கசக்கும். கசந்தால் துப்பிவிடாதீர்கள்.

மகளைப் பார்க்கவா போகிறீர்கள்? ஏழாம் மாதமா? நல்லது. தூக்குச்சட்டியை இப்படி வையுங்கள், குழம்பு சிந்திவிடப் போகிறது. நாகர்கோவில் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். எனக்கும் அங்கேதான் வேலை. ஒருவரைப் பார்க்க வேண்டும். மூலிகை மருந்து தயாரிக்கிறவர். ஏன் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டுமானால், எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். நன்றி கெட்ட ஒரு பெண்ணால் என் பெயர் போன கதை அது.

அவள் பெயர் எஸ்தர் கிருபா. என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். அப்பா உப்பளத்தில் வேலை. ஒரே ஒரு நல்ல சேலை, அதையும் திங்கள்கிழமைக்கு என்று வைத்திருப்பாள். முதல் வருடம் முழுக்க அவளைக் கண்ணாடிக் குடுவை கழுவ விட்டேன். என் வீட்டுக் கரண்டு பில் கட்ட அனுப்பினேன், ரேஷன் கடை வரிசையில் நிற்க வைத்தேன். எல்லா வழிகாட்டிகளும் செய்வதுதான். என்னையும் என் வழிகாட்டி அப்படித்தான் வைத்திருந்தார். அவர் நாயைக் குளிப்பாட்டியே நான் டாக்டர் உலகநாயகி ஆனேன். யாரிடமாவது சொல்லி அழுதேனா?

எஸ்தரும் அழ மாட்டாள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. திட்டினால், "சரிங்க மேடம்" என்பாள். குடுவையைத் திருப்பிக் காட்டுவாள். ஒரு பொட்டுக் கறை இருக்காது.

நாங்கள் ஒரு செடியைப் பிடித்தோம். பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆடாதோடை இல்லை, நிலவேம்பு இல்லை, கபசுரக் குடிநீர்ப் பொட்டலத்தில் வருகிற எதுவும் இல்லை. களக்காட்டு மலையடிவாரத்தில் வேலியோரம் நிற்கும். ஆடு மேய்க்கிற ஒருத்தி சொன்னாள், "இத எந்த ஆடும் வாய் வைக்காது டீச்சர்." அப்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆடு வாய் வைக்காத இலை என்றால் உள்ளே சரக்கு இருக்கிறது என்றுதானே பொருள்?

இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, சாராயத்தில் ஊறவைத்து, அந்தச் சாற்றை நீளமான கண்ணாடிக் குழலில் மேலிருந்து விடுவோம். குழல் நிறைய வெள்ளைத் தூள் இருக்கும். சாறு அதற்குள் இறங்கும்போது ஒவ்வொரு சேர்மமும் தனித்தனியாகப் பிரிந்து ஒவ்வொரு நிறமாகக் கீழே வரும். பச்சை, மஞ்சள், ஒன்றுமில்லாத நிறம். ஒவ்வொன்றையும் ஒரு சிறிய குழாயில் பிடித்து வைப்போம். ஏழாவது குழாயில் இறங்கியது தேன் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் ஐப்பசி மாதத்துச் சாயங்காலம் மாதிரி இருக்கும். நான் அதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிள்ளை இல்லை. சொல்லிவிட்டேன், மேலே கேட்க வேண்டாம்.

சளிக்காய்ச்சல் வைரஸை வளர்த்துச் சோதிக்க எங்கள் கல்லூரியில் வசதி கிடையாது. வெளியூர் ஆய்வகம் ஒன்றில் மூன்று மாதத்துக்கு இடம் கேட்டு எஸ்தரை அனுப்பினேன். சோதனை எளிது. பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். குழிக்குள் உயிருள்ள செல்களை வளர்த்து, அவற்றில் வைரஸை விட வேண்டும். மேலே நம் மருந்தை விட வேண்டும். இரண்டு நாள் கழித்து எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று அளக்க வேண்டும். அளந்தாள். ஏழாவது குழாய் விட்ட குழிகளில் வைரஸ் இல்லை. சுத்தமாக இல்லை. அன்றைக்கு நான் கோமுவைக் கூப்பிட்டுப் பாயசம் வைக்கச் சொன்னேன்.

கோமு என் வீட்டுக்காரரின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. கால் கொஞ்சம் விந்தும். இருபத்தெட்டு வருடம் எனக்குச் சமைத்துப் போட்டவள். நான் எழுதுகிற நேரத்தில் மிக்ஸி போட மாட்டாள், அம்மியில் அரைப்பாள். "மதினி எழுதுதாவ" என்று தெருவில் கூவுகிற கீரைக்காரியைக்கூட அதட்டி அனுப்புவாள். நல்ல ஜீவன். பேச்சுத்தான் கிடையாது.

பாயசம் ஆறுவதற்குள் எஸ்தரிடமிருந்து போன்.

"மேடம், கடைசி வரிசையும் பாத்துருங்க. படம் அனுப்பிருக்கேன்."

"என்ன கடைசி வரிசை?"

"வைரஸ் விடாம மருந்த மட்டும் விட்ட குழி மேடம். சாயம் ஏறவே இல்ல. வெறிச்சுன்னு கிடக்கு."

உயிருள்ள செல் ஊதாச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். செத்த செல் கழுவும்போது தண்ணீரோடு போய்விடும். குழி வெறிச்சென்று இருக்கிறது என்றால் செல் செத்திருக்கிறது என்கிறாள். செத்த செல்லுக்குள் வைரஸ் வளராது, அதனால்தான் வைரஸ் இல்லை, மருந்தால் இல்லை என்கிறாள். என்னிடம் குடுவை கழுவினவள் எனக்கே பாடம் எடுக்கிறாள்.

"சாயம் பழசா இருக்கும்" என்றேன்.

"நேத்துதான் நானே கலக்குனேன் மேடம். மூணு தடவ செஞ்சிட்டேன்."

"மூணு தடவயும் தப்பாச் செஞ்சிருப்ப. அந்த வரிசைய வெட்டிட்டு மத்த படத்த அனுப்பு."

"சரிங்க மேடம்" என்றாள். பாயசத்தில் சீனி கொஞ்சம் தூக்கல். கோமுவிடம் சொன்னேன், முகம் வாடிவிட்டது.

இப்போது நாங்குநேரியா? இருமல் குறைந்திருக்கிறது, கவனித்தீர்களா?

அந்த வருடம்தான் ஊரெல்லாம் நோய். இரண்டாவது அலை என்றார்களே, அது. என் வீட்டுக்காரர் பிரம்மநாயகத்துக்கும் கோமுவுக்கும் ஒரே நாளில் காய்ச்சல். எனக்கு ஒன்றும் வரவில்லை. என் உடம்பு அப்படி. ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு படுக்கைதான் கிடைத்தது. அவரைச் சேர்த்தேன். யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வார்கள்? கோமு வாசலில் நின்று, "அண்ணன மொதல்ல கொண்டு போங்க மதினி" என்றாள். அவளே சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில்தான் எனக்குத் தோன்றியது. ஒரே வீட்டு ரத்தம், ஒரே நோய், ஒரே நாளில் தொடக்கம். ஒருவர் ஆஸ்பத்திரி வைத்தியத்தில். இன்னொருவருக்கு ஏழாவது குழாய். ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஓர் இணை எந்த விஞ்ஞானிக்கு அமையும்? நான் கடவுளை அதிகம் கும்பிடுகிறவள் இல்லை. அன்றைக்குக் கும்பிட்டேன்.

எதையும் முறைப்படி செய்கிறவள் நான். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. கோமு ஐந்தாம் வகுப்பு. வாங்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இதுல அண்ணனுக்கு எதும் நல்லது உண்டா மதினி?"

"உண்டு" என்றேன்.

போட்டுவிட்டாள். 'கோமதி' என்று ஒவ்வொரு எழுத்தாக, நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு.

ஆறு நாள் சோதனை. காலை ஐந்து சொட்டு, மாலை ஐந்து சொட்டு. வேறு மருந்து கிடையாது. வேறு மருந்து கொடுத்தால் எதனால் குணமானது என்று எப்படிச் சொல்ல முடியும்? அதே காரணத்துக்காகத்தான் ரசமும் கொடுக்கவில்லை. மிளகில் ஒரு சேர்மம், மஞ்சளில் ஒரு சேர்மம். இரண்டாம் நாள் கேட்டாள், "மதினி, நெஞ்சு எரியுது. கொஞ்சம் வெந்நி தாங்களேன்." வெந்நீர் கொடுத்தேன். அளந்துதான் கொடுத்தேன். நோட்டில் எழுதினேன்: மார்பில் வெப்ப உணர்வு. மருந்து வேலை செய்வதற்கு அடையாளம்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. என் வீட்டுக்காரருக்குத் தேவலை, பக்கத்திலேயே ஒரு படுக்கை காலியாகியிருக்கிறது, வீட்டில் ஒரு பேஷண்ட் என்றீர்களே, அழைத்து வாருங்கள் என்றார்கள். கோமு கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். போனில் பேசியது அவளுக்கும் கேட்டிருக்கிறது. மாற்றுச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆறு நாள் சோதனையை நான்காம் நாள் உடைத்தால் அது சோதனையா? நான்கு நாள் எழுதியது குப்பை. கோமு சேலையை மறுபடி மடித்து வைத்தாள். அது ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் எஸ்தர் போனில் கூப்பிட்டாள். எப்படித் தெரிந்ததோ.

"மேடம், கோமு அத்தைக்கு அதக் குடுக்காதீங்க. உங்க கால்ல விழுதேன்."

"அத்தையா? உனக்கு எப்பலேருந்து அத்த?"

"ரேஷன் வாங்கிட்டு வரும்போதெல்லாம் சோறு போடுவாங்க மேடம்."

பார்த்தீர்களா? என் வீட்டில் எனக்குத் தெரியாமல் என்னவெல்லாம் நடந்திருக்கிறது.

"உனக்குப் பொறாமை, எஸ்தர்" என்றேன். "கட்டுரைல உன் பேர் ரெண்டாவதா வருதேன்னு."

"என் பேரே வேண்டாம் மேடம். அவங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

வைத்துவிட்டேன்.

ஆறாம் நாள் காலையில் நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். மடியில் நோட்டு, கையில் கடிகாரம். ஐந்து நிமிடத்துக்கு எத்தனை இருமல் என்று எண்ணி எழுதுவது முறை. பத்தரைக்கு ஒன்பது. பத்தே முக்காலுக்கு நான்கு. பதினொன்றுக்கு ஒன்று. அந்த ஒன்றும் இருமல் மாதிரி இல்லை, யாரையோ கூப்பிட வாயெடுத்த மாதிரி. பதினொன்று பத்துக்கு ஒன்றும் இல்லை. எழுதினேன்: இருமல் நின்றது.

"கோமு, நின்னுட்டு பாத்தியா" என்றேன்.

பதில் இல்லை. அவள் எப்போது பதில் சொல்லியிருக்கிறாள்? உறுதி செய்ய வேண்டும் அல்லவா, இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்து எண்ணினேன். ஓர் இருமல்கூட இல்லை. ஜன்னல் வழியாகக் கீரைக்காரி குரல் கேட்டது. அவளை அதட்ட யாரும் போகவில்லை.

பிறகுதான் மற்றது தெரிந்தது.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நான் சொல்லி எழுதவில்லை, அவராகத்தான் எழுதினார். நெஞ்சு பலவீனமானவள், சின்ன வயதிலிருந்தே. இருமல் வேறு, இருதயம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் விஞ்ஞானம் படிக்காதவர்கள். என் கட்டுரையில் நான் எதையும் மறைக்கவில்லை. அட்டவணையில் தெளிவாக இருந்தது. ஆஸ்பத்திரி வைத்தியம்: ஒன்பதாம் நாளிலும் இருமல் நீடித்தது. ஏழாவது குழாய்: ஆறாம் நாளில் முழுமையாக நின்றது.

ஒன்பதாம் நாள் என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக. இருமிக்கொண்டேதான் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "கோமு எங்க?" என்றார். சொன்னேன். அடுப்படிக்குப் போய் நின்றார். அம்மியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றிலிருந்து தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். என்னோடு பேச்சு இல்லை. மூன்று வருடமாக இருமல் விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருமுகிறார். ஐந்து சொட்டு போதும், நின்றுவிடும். எத்தனை தடவை கதவுக்கு வெளியே கிண்ணத்தில் வைத்திருக்கிறேன் தெரியுமா? காலையில் பார்த்தால் அப்படியே இருக்கும்.

இதோ பணகுடி. கூட்டம் ஏறுகிறது. நீங்கள் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள். வேண்டாமா? சரி.

கட்டுரை வந்து இரண்டாவது மாதம் எஸ்தர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். வெட்டிய வரிசையின் படத்தை அனுப்பினாள். அதோடு விட்டாளா? என் நோட்டின் பதினோராம் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். மறுத்த படுக்கை, அளந்த வெந்நீர், எல்லாம் என் கையெழுத்திலேயே. அந்த நோட்டு என் வீட்டு பீரோவில் இருந்தது. பீரோவுக்கு இரண்டே சாவி. ஒன்று என் இடுப்பில், ஒன்று என் வீட்டுக்காரரிடம். வீடு பூட்டியபடி பூட்டியே இருந்தது. அது எப்படி அவள் கைக்குப் போயிற்று என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. திருட்டுப் புத்தி உள்ளவர்களுக்கு வழியா இல்லை?

முதல்வர் அறையில் விசாரணை. நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள், அதே திங்கள்கிழமைச் சேலையில். அவளுடைய ஆய்வேட்டில் நான் கையெழுத்துப் போடாமல் நிறுத்தி வைத்திருந்த நேரம் அது. என் கையெழுத்து இல்லாவிட்டால் அவளுக்குப் பட்டம் இல்லை, ஐந்து வருட உழைப்பும் போச்சு. தெரிந்தும் வந்து நின்றாள். பேசச் சொன்னார்கள். பெரிதாக ஒன்றும் பேசவில்லை.

"மேடம், இருமல் நின்னுச்சுன்னு போட்டிருக்கீங்க. மூச்சு?"

அவ்வளவுதான் கேட்டாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் நிதானமாகச் சொன்னேன்: "நாம் எடுத்துக்கொண்ட அளவீடு இருமல். மூச்சு அல்ல."

சரியான பதில்தானே? நீங்களே சொல்லுங்கள். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எஸ்தர் அப்போதுதான் அழுதாள். ஐந்து வருடத்தில் முதல் தடவை. நான் கையெழுத்து மறுத்தபோதெல்லாம் வராத அழுகை.

கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆய்வகக் கதவிலிருந்த என் பெயர்ப் பலகையைக் கழற்றினார்கள். ஓய்வு பெற்ற அன்று ஒரு மாலை இல்லை, ஒரு சால்வை இல்லை. கதவில் நான்கு ஆணி ஓட்டை. அதைப் பார்த்துவிட்டு வந்தேன். எஸ்தருக்கு வேறொரு வழிகாட்டி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். குடுவை கழுவப் பழக்கியது நான், பட்டம் வேறொருவர் கையால்.

அதோ காற்றாலைகள். ஆரல்வாய்மொழி வந்துவிட்டது. எவ்வளவு காற்று பாருங்கள், மலை இடுக்கிலிருந்து கொட்டுகிறது. கோமுவை ஒரு தடவை இந்த வழியாக அழைத்து வந்தோம். ஜன்னலில் முகத்தை வைத்து வாயைத் திறந்துகொண்டே வந்தாள், சின்னப் பிள்ளை மாதிரி. "நல்லாருக்கு மதினி" என்றாள். வாயை மூடு, தூசி போகும் என்றேன்.

நான் எங்கே விட்டேன்? ஆமாம், நாகர்கோவில்காரர். என் மருந்தைச் செய்து தருகிறேன் என்றவர் அவர் ஒருவர்தான். "பத்துப் பேருக்கு மருந்து கேட்டதுன்னு காட்டுங்க டீச்சர், அப்புறம் பேசுவோம்" என்றார். கோமு ஒன்று. அதற்குப் பிறகு எட்டுப் பேர். எல்லாம் இந்தப் பேருந்துகளில்தான். பேருந்தில் இருமாதவர் யார்? ஏறும்போது இருமினார்கள், இறங்கும்போது இருமவில்லை. இறங்கின பிறகு என்ன ஆனார்கள் என்று நான் பின்னாலேயே போக முடியுமா?

அதிமதுரம்தான், பயப்படாதீர்கள். சந்தைக்கடை அதிமதுரம். ஏழாவது குழாயில் ஒரு வாரம் ஊறியது, அவ்வளவுதான். ஏன் கைக்குட்டையில் துப்புகிறீர்கள்? சரி, துப்புங்கள். கன்னத்தில் ஒரு மணி நேரம் கிடந்திருக்கிறது. போக வேண்டியது போயிருக்கும். நாக்கை ஏன் துடைக்கிறீர்கள்? துடைத்தால் வராது.

எழுந்துவிட்டீர்களே. இது தோவாளை. நாகர்கோவிலுக்கு அல்லவா டிக்கெட் எடுத்தீர்கள்? பூச்சந்தையில் பூ வாங்கவா? மகளுக்குப் பூவா? சரி சரி, கண்டக்டரைக் கூப்பிடாதீர்கள், நானே வழிவிடுகிறேன். தூக்குச்சட்டியை மறந்துவிட்டீர்கள் பாருங்கள், இந்தாருங்கள்.

ஒரே நிமிடம். கவனித்தீர்களா? வள்ளியூருக்குப் பிறகு நீங்கள் ஒரு தடவைகூட இருமவில்லை. நான் எண்ணிக்கொண்டே வருகிறேன். தொண்டையில் வந்து நிற்கிறது, உங்கள் கழுத்தில் தெரிகிறது, ஆனால் வெளியே வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறீர்கள். பொத்தினாலும் வர வேண்டியது வராமலா இருக்கும்? நின்றுவிட்டது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டாதீர்கள். வாயைத் திறந்து பேரைச் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்.

சொல்ல மாட்டீர்களா? வேண்டாம். 'பெண், ஐம்பது வயது இருக்கும்' என்று போட்டுக்கொள்கிறேன். பத்தாவது ஆள். இருமல் நின்ற நேரம், பதினொன்றேகால். பார்த்து இறங்குங்கள், படி உயரம். மார்பைப் பிடித்துக்கொண்டு இறங்காதீர்கள், கம்பியைப் பிடியுங்கள். மூச்சு வாங்குகிறதா? அதை என்னிடம் சொல்லிப் பயனில்லை அம்மா. இந்த நோட்டில் அதற்குக் கட்டம் போடவில்லை.